14 நாள் இலவச ஹோஸ்டிங்: களவாகப் பதிகிறவர்களை எப்படித் தடுப்பது?

திருகோணமலையில் இருந்து சிறிய அளவில் ஹோஸ்டிங் செய்யும் ஒரு தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வரில், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளுக்கும் நகரத்து ரியூஷன் நிலையங்களுக்கும் இணையத்தளம் நடத்திக் கொடுக்கிறார். புது வாடிக்கையாளர்களைப் பிடிக்க 14 நாள் இலவச ட்ரயல் அறிவித்தார். உள்ளூரில் இருந்து வந்தவர்களை விட, எங்கிருந்தோ இரவோடு இரவாகப் பதிந்தவர்கள்தான் கூட. இப்போது சேர்வரை வாடகைக்குத் தந்த டேட்டா சென்டரில் இருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. காசு கட்டும் விடுதிக்காரர்களின் முன்பதிவு மெயில்கள் ஸ்பாமுக்குள் போகின்றன. "கிரெடிட் கார்ட் கேட்கட்டுமா, ஓடிபி போடட்டுமா, இல்லாவிட்டால் அடையாள அட்டைப் படம் வாங்கட்டுமா அண்ணா?" என்று கேட்கிறார்.

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன் தம்பி. அதற்கு முன் டேட்டா சென்டருக்கு இன்றைக்கே பதில் எழுதுங்கள். எந்தக் கணக்கில் இருந்து பிரச்சினை வந்தது, அதை எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், இனி வராமல் இருக்க என்ன மாற்றினீர்கள் என்று நாலைந்து வரியில் எழுதினால் போதும். முறைப்பாட்டுக்குப் பதிலே வராத சேர்வரைத்தான் அவர்கள் அனேகமாக முதலில் துண்டிப்பார்கள்.

அடுத்தது மெயில். ட்ரயல் கணக்குகளில் இருந்து மெயில் வெளியே போவதை முழுதாக நிறுத்துங்கள். குறைத்தால் காணாது. மணிக்கு 50 மெயில் என்று எல்லை வைத்தாலும், 40 கணக்குத் திறந்து வைத்திருப்பவனுக்கு மணிக்கு 2,000 மெயில் கிடைக்கும். நீங்கள் சிபேனல் (ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருள்) பாவிப்பதாகச் சொன்னீர்கள். அதன் நிர்வாகிப் பக்கமான டபிள்யூஎச்எம்மில் ஒவ்வொரு ட்ரயல் கணக்குக்கும் மெயில் வெளியே போவதை நிறுத்திவிடுங்கள். கூடவே எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) கட்டுப்பாட்டையும் போடுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு சின்ன பிஎச்பி ஸ்கிரிப்ட், உங்கள் மெயில் மென்பொருளைச் சுற்றிக்கொண்டு நேரே வெளி மெயில் சேர்வரின் 25ஆம் போர்ட்டுக்கு, அதாவது சேர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசலுக்கு, போய்விடும். அமேசான், கூகுள் கிளவுட், டிஜிட்டல்ஓஷன் போன்ற பெரிய நிறுவனங்கள் காசு கட்டுகிறவர்களுக்கே 25ஆம் போர்ட்டை இயல்பாக மூடித்தான் வைத்திருக்கிறார்கள். இலவசமாக வருகிறவருக்கு நீங்கள் திறந்து கொடுக்கத் தேவையில்லை.

விடுதிக்காரர் ஒருவர் ட்ரயலில் தன் தொடர்புப் படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசைப்படுவார். நியாயமான ஆசை. அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்து, அந்தப் படிவத்தின் மெயில், அவர் பதியும்போது உறுதிப்படுத்திய அதே முகவரிக்கு மட்டும் போகும்படி வையுங்கள். அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவார், ஸ்பாம் அனுப்ப வந்தவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

காசு கட்டும் விடுதிகளின் மெயிலையும் அதே ஐபியில் விட்டு வைக்காதீர்கள். ஒரு ஐபி முகவரியில் இருந்து ஸ்பாம் போனால், ஸ்பாம்ஹவுஸ் மாதிரியான தடைப்பட்டியல்கள் அந்த ஐபியைத்தான் குறிக்கும். அதில் நல்லவர் யார் கெட்டவர் யார் என்று பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஆகவே அவர்களுடைய மெயிலைத் தனி ஐபிக்கோ, உங்களுக்காக மெயிலை அனுப்பிக் கொடுக்கும், காசு கொடுத்து எடுக்கும் ஒரு மெயில் ரிலே சேவைக்கோ மாற்றுங்கள். மெயில் உண்மையில் அந்த டொமைனுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் இரண்டையும் ஒவ்வொரு டொமைனுக்கும் சரியாகப் போடுங்கள். 2024 பெப்ரவரியில் இருந்து ஜிமெயில் இதில் கண்டிப்பாக இருக்கிறது. இதெல்லாம் முடிந்த பிறகு தடைப்பட்டியலில் இருந்து உங்கள் ஐபியை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓட்டையை அடைக்காமல் கேட்டால் இரண்டு நாளில் திரும்பவும் ஏறிவிடும். ஸ்பாம்ஹவுஸ் இதற்குக் காசு வாங்குவதில்லை, காசு கொடுத்தால் எடுத்துத் தருகிறோம் என்று மெயில் போடுகிறவர்களை நம்பாதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கார்ட், ஓடிபி, அடையாள அட்டை மூன்றுமே வாசலில் வைக்கும் காவல்கள். நான் முதலில் கேட்பது, உள்ளே எடுத்துக்கொண்டு போக என்ன இருக்கிறது என்பதைத்தான். பகிடிக்காகப் பதிகிறவர்கள் மிகக் குறைவு. வருகிறவர்களுக்கு ஒரு கணக்குத் திறக்கச் செலவு இருக்கிறது: இமெயில் முகவரி, ஐபி, சில நேரம் தொலைபேசி இலக்கம், மனிதரா என்று சோதிக்கும் கேப்சாவைத் தீர்க்க ஒரு சேவை. எல்லாம் மலிவுதான், ஆனால் சும்மா கிடைப்பதில்லை. அந்தக் கணக்கில் இருந்து கிடைக்கும் இலாபம் இந்தச் செலவுக்குக் கீழே போனால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். அவர்கள் உங்களிடம் தேடி வருவது நான்கு பொருள்: மெயில் அனுப்பும் வழி, சிபியு (கணினியின் கணிக்கும் திறன்), இன்னும் யாரும் தடை செய்யாத சுத்தமான ஒரு முகவரி, மற்றவர்களைத் தாக்க ஒரு தளம். மெயிலைப் பார்த்துவிட்டோம்.

சிபியு களவு பெரிய நிறுவனங்களையே பணிய வைத்தது. இலவசமாகக் கொடுத்த கணினி நேரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறார்கள், அதாவது கணினியைக் கணக்குப் போட வைத்து நாணயம் ஈட்டுகிறார்கள் என்று 2021 மே மாதத்தில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையான கிட்லாப் புது இலவசப் பாவனையாளர்களிடம் கார்ட் கேட்கத் தொடங்கியது. அடுத்த மாதம், மென்பொருளைப் பொதியாக்கி ஓட்ட உதவும் டொக்கர் தன் இலவசக் கணக்குகளில், நிரலைத் தானாகத் தொகுக்கும் பில்ட் வசதியை நிறுத்தியது. செயலிகளை ஹோஸ்ட் செய்யும் ஹெரோக்கு, மோசடியையும் துஷ்பிரயோகத்தையும் காரணம் காட்டி 2022 நவம்பர் 28 உடன் இலவசத் திட்டங்களையே மூடிவிட்டது. உங்கள் சேர்வர் அவ்வளவு பெரிது இல்லை என்று நினைக்காதீர்கள். மொனேரோ நாணயம் 2019இல் இருந்து பாவிக்கும் ரேண்டம்எக்ஸ் முறை, சாதாரண சிபியுவில் நன்றாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. விசேஷமான கிராபிக்ஸ் கார்ட் எதுவும் வேண்டியதில்லை, உங்களுடைய நாலு கோர் போதும்.

தோண்டுகிறவனை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. விடுதியின் தளம் ஒன்று காலையில் கொஞ்சம் ஏறும், யாராவது பேஸ்புக்கில் பகிர்ந்தால் ஒரு துள்ளுத் துள்ளும், நடு இரவில் தூங்கும். தோண்டும் நிரல் தூங்காது. கொடுத்த எல்லையைத் தொட்டபடி மணிக்கணக்கில் ஒரே நேர்கோடு. சேர்வரில் கிளவுட்லினக்ஸ் (ஹோஸ்டிங்குக்கென்ற இயங்குதளம்) இருந்தால் ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு எல்லை போடலாம், இல்லாவிட்டால் லினக்ஸிலேயே உள்ள சிகுரூப் வசதி மூலம் செய்யலாம். எஸ்எஸ்எச் (தூரத்தில் இருந்து சேர்வருக்குக் கட்டளை இடும் வழி), கிரொன் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் வசதி) இரண்டையும் ட்ரயலில் கொடுக்கவே வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விடக் கூடப் பலன் தருவது ஒன்று இருக்கிறது, சின்ன ஹோஸ்டிங்காரர்கள் அனேகம் பேர் அதைச் செய்வதில்லை. ட்ரயல் கணக்குகள் வெளியே தொடங்கும் இணைப்புகளை ஃபயர்வாலில் மூடுவது. பார்வையாளர்கள் உள்ளே வரலாம், தளம் பதில் சொல்லலாம். ஆனால் தளத்தில் ஓடும் நிரல், வேர்ட்பிரஸ் (தளம் நடத்தும் மென்பொருள்) அப்டேட் சேர்வர் போன்ற நீங்கள் அனுமதித்த சில இடங்களைத் தவிர, தானாக வெளியே எங்கும் பேச முடியாது. தோண்டும் நிரல் தன் குழுவின் சேர்வரை அடைய முடியாவிட்டால் அது தோண்டியதற்குக் காசு இல்லை. மற்றச் சேர்வர்களில் திறந்த போர்ட் துழாவுகிறவனுக்கும், மற்றத் தளங்களின் கடவுச்சொல்லை உடைக்கப் பார்ப்பவனுக்கும், தாக்குதலுக்கு இடம் தேடுகிறவனுக்கும் அதோடு கதை முடிந்தது. ஒரு ஃபயர்வால் விதி நாலு வகைக் களவில் மூன்றைச் சாய்த்துவிடும்.

மிஞ்சி நிற்பது ஃபிஷிங், அந்தச் சுத்தமான முகவரியில் போலிப் பக்கம் வைத்துக் கடவுச்சொல் பறிப்பது. அது எப்படி இருக்கும் என்று கிட்ட நின்று காட்டுகிறேன். கணக்குத் திறந்து சில நிமிடத்தில் ஒரு ஸிப் கோப்பு ஏறும். அது விரிந்ததும் உள்ளே ஒரு வங்கியின் லோகோ, அதே நிறத்தில் ஒரு லொகின் பக்கம், ஓடிபி கேட்கும் இரண்டாவது பக்கம், கடைசியில் ஒரு சின்ன பிஎச்பி கோப்பு. ஏமாந்தவர் தட்டிய கடவுச்சொல்லை அந்தக் கோப்பு மெயிலிலோ டெலிகிராம் பொட் (தானாக இயங்கும் கணக்கு) ஒன்றுக்கோ அனுப்பும். வெளி இணைப்பை மூடியிருந்தால் அது தோற்கும். ஆனால் சில தொகுப்புகள் அதே ஃபோல்டரில் ஒரு எழுத்துக் கோப்பில் எழுதி வைத்துவிடும், களவன் பிறகு வந்து பிரவுசரில் திறந்து எடுத்துக்கொண்டு போவான். அதற்கு ஃபயர்வால் உதவாது.

இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, ட்ரயல் தளங்களை உங்கள் நிறுவனத்தின் சொந்த டொமைனுக்குக் கீழே ஒருபோதும் வைக்காதீர்கள். கிட்லாப் மாதிரியான சேவையான கிட்ஹப் தன் பாவனையாளர்களின் பக்கங்களை 2013இல் கிட்ஹப்.ஐஓ என்ற வேறு டொமைனுக்கு மாற்றியது பாதுகாப்புக்காகத்தான். கூகுளின் சேஃப் பிரவுசிங் ஒரு ஃபிஷிங் பக்கத்தைக் கண்டு சிவப்பு எச்சரிக்கை போட்டால், அந்தக் கறை ட்ரயல் டொமைனோடு நிற்க வேண்டும், உங்கள் பில் கட்டும் பக்கத்துக்கு ஏறக் கூடாது. இரண்டாவது, ட்ரயல் தளத்தைத் திறக்கும் எவருக்கும் முதலில் ஒரு இடைப்பக்கம் வரட்டும்: "இது பரீட்சார்த்தத் தளம். இங்கே கடவுச்சொல், வங்கி விபரம் எதையும் கொடுக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, கீழே ஒரு தொடர் பட்டன். சொந்தக் கணினியில் ஓடும் தளத்தை இணையத்தில் காட்டித் தரும் இங்ரொக் சேவையும் இலவசக் கணக்குகளுக்கு இப்படி ஒரு பக்கம் காட்டுகிறது. விடுதிக்காரர் தன் மகனுக்கும் மச்சானுக்கும் காட்டும்போது ஒரு பட்டனை அழுத்துவது பெரிய பாரம் இல்லை. ஃபிஷிங் செய்கிறவனுக்கு அந்த ஒரு பக்கமே வியாபாரத்தைக் கெடுத்துவிடும். சொந்த டொமைனை இணைப்பது காசு கட்டிய பிறகுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். ட்ரயலுக்கு சிபேனல் கணக்கே கொடுக்க மாட்டேன். உங்களிடம் வருகிறவர் அறை விடுகிற விடுதிக்காரர், ரியூஷன் மாஸ்டர். அவர்களுக்குத் தங்கள் தளம் எப்படி இருக்கும், படம் மாற்ற முடிகிறதா, விலை எழுத முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே நிறுவலில் பல தளம் நடத்தும் வேர்ட்பிரஸ் மல்டிசைட் ஒன்றை நிறுவி, ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு உபதளம் கொடுங்கள். மல்டிசைட்டில் உபதளத்தின் அட்மினால் பிளகின் நிறுவ முடியாது, பிஎச்பி கோப்பு ஏற்ற முடியாது. வடிகட்டாத எச்டிஎம்எல் எழுதும் உரிமையும் மேலதிகாரியான உங்களுக்கு மட்டும்தான், ஆகவே லொகின் படிவத்தைக் கையால் ஒட்ட முடியாது. தொடர்புப் படிவம் நீங்கள் வைத்ததுதான். தோண்ட வந்தவன், ஸ்பாம் அனுப்ப வந்தவன், ஃபிஷிங் செய்ய வந்தவன் மூன்று பேருக்கும் அங்கே வேலை இல்லை. வெளித்தள இணைப்புகளை நிரப்பிவிட்டுப் போகப் பார்ப்பவன் மட்டும் வருவான். தேடுபொறிகள் பட்டியலிடாதபடி நோஇண்டெக்ஸ் குறி போட்டு வைத்தால் அவனும் சலித்துப் போவான். இன்னொரு நன்மையும் உண்டு. 2019இல் இருந்து சிபேனல் கணக்கு எண்ணிக்கைப்படிதான் காசு அறவிடுகிறது. களவாகத் திறந்த ஒவ்வொரு கணக்குக்கும் இப்போது நீங்கள் உங்கள் கையால் காசு கட்டிக்கொண்டிருக்கலாம், லைசன்ஸ் பில்லை ஒருமுறை பாருங்கள்.

இனி வாசல் காவல்.

கிரெடிட் கார்ட் வேண்டாம் என்பது என் கருத்து. களவு போன கார்ட் இலக்கங்கள் சந்தையில் கிடைக்கின்றன, களவனிடம் கார்ட் இருக்கும். நிலாவெளியில் நாலு அறை வைத்திருக்கும் அம்மாவிடம்தான் இருக்காது, இருந்தாலும் இலவசம் என்று சொல்லிவிட்டுக் கார்ட் கேட்டால் அவர் பயந்து போய்விடுவார். இன்னொரு ஆபத்தும் உண்டு. கார்ட் சரியா என்று ஒரு டொலர் பிடித்துப் பார்த்து விடுவிக்கும் படிவத்தை, களவு கார்ட்களைச் சோதித்துப் பார்க்கவே பாவிப்பார்கள். ஒரே இரவில் நூற்றுக்கணக்கான முயற்சிகள் வந்து, பணம் வாங்கித்தரும் நிறுவனம் உங்கள் கணக்கையே நிறுத்தி வைக்கும். கட்டாயம் கார்ட் வேண்டுமென்றால் வங்கி ஓடிபி கேட்கும் 3டி செக்யூர் இல்லாமல் ஏற்காதீர்கள். என்னைக் கேட்டால், ட்ரயலிலேயே சொந்த டொமைனும் மெயிலும் வேண்டும் என்கிறவரிடம் 100 ரூபா வாங்கி, முதல் மாதக் கட்டணத்தில் கழித்துவிடலாம். லங்கா கியூஆரிலோ வங்கி மாற்றலிலோ உள்ளூர்க் கணக்கில் இருந்து வரட்டும். தூர தேசத்தில் இருந்து நூறு கணக்குத் திறப்பவனுக்கு அந்த 100 ரூபாவை விட, இலங்கை வங்கிக் கணக்குத்தான் கஷ்டம்.

ஓடிபி ஓரளவு உதவும், ஆனால் கவனம். ஓடிபி படிவத்தை எல்லா நாட்டுக்கும் திறந்து வைத்தால், எஸ்எம்எஸ் போய்ச் சேரும் வலையமைப்பில் பங்கு வைத்திருக்கும் மோசடிக்காரர்கள் நிரல் எழுதி ஆயிரக்கணக்கில் ஓடிபி கேட்பார்கள். ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் நீங்கள் காசு கட்ட, அதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். 2023 மார்ச்சில் டுவிட்டர், காசு கட்டாதவர்களுக்கு எஸ்எம்எஸ் வழி இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பை நிறுத்தியபோது, அந்த முறையைக் கெட்டவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்றுதான் காரணம் சொன்னது. நீங்கள் +94இல் தொடங்கும் இலக்கங்களுக்கு மட்டும் அனுப்புங்கள், நாளுக்கு இத்தனைதான் என்று மொத்த எல்லையும் வையுங்கள்.

அடையாள அட்டைப் படம் வாங்கவே வாங்காதீர்கள். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்ணும் வீ அல்லது எக்ஸ் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு எண்ணும். பிறந்த வருடம், அதற்குப் பிறகு வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500 கூட்டிய எண் என்று அமைப்பு எல்லோருக்கும் தெரியும். ஒழுங்கான தோற்றத்தோடு ஒரு பொய் இலக்கம் செய்ய ஐந்து நிமிடம் தேவையில்லை, படத்தைத் திருத்தவும் அப்படித்தான். அது உண்மையா என்று சரிபார்க்க உங்களிடம் வழியும் இல்லை. நேர்மையானவர்கள் கொடுத்த உண்மையான அட்டைகள் மட்டும் உங்கள் சேர்வரில் குவிந்து கிடக்கும். ஒருநாள் யாராவது உள்ளே புகுந்தால் அவ்வளவும் போகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் நிறைவேறியிருக்கிறது. தேவைக்கு மேல் தரவு சேர்க்காதே என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. 14 நாள் ட்ரயலுக்கு அடையாள அட்டை தேவைக்கு மேல்தான்.

ஐபியை வைத்துத் தடுப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்ததாக அதைத்தான் செய்வீர்கள் என்று தெரியும், எல்லோரும் செய்வதுதான். ஒரு ஐபிக்கு ஒரு ட்ரயல் என்று போட்டால் முதலில் அடிபடுவது நம்முடைய ஆட்கள். கைபேசி இணையத்தில் பெருந்தொகையானவர்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள். அதற்கென்றே 100.64.0.0/10 என்ற முகவரித் தொகுதியை 2012இல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் ஒரு விரிவுரையாளர் வகுப்பில் "எல்லோரும் ஒரு ட்ரயல் திறவுங்கள்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரே ஐபி, ஒரே மாதிரி பிரவுசர், பத்து நிமிடத்துக்குள் முப்பது கணக்கு. பொட் ஒன்று செய்வதும் அச்சு அசல் இதுதான். ஐபியைச் சந்தேகத்துக்கான ஒரு குறியாக மட்டும் எடுங்கள், தீர்ப்பாக எடுக்காதீர்கள். ஐபிவி6 (புதிய, நீளமான ஐபி முறை) என்றால் தனி முகவரியை எண்ணாமல், ஒரு இணைப்புக்குச் சேர்த்தே கொடுக்கும் /64 தொகுதியை எண்ணுங்கள், ஒரு வீட்டு இணைப்புக்கே எண்ணி முடியாத அளவு முகவரி இருக்கும்.

இமெயிலில் செய்ய வேண்டிய சின்ன வேலைகள் சில: ஜிமெயில் முகவரியில் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை, கூட்டல் குறிக்குப் பின் வருவதும் அதே பெட்டிக்குத்தான் போகும், ஆகவே ஒப்பிடும்போது இரண்டையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். தற்காலிக இமெயில் டொமைன்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதைச் சேருங்கள். நிறுத்திய ஃபிஷிங் கோப்புகளின் ஹாஷை (கோப்பின் கைரேகை மாதிரியான குறியீடு) சேமித்து வையுங்கள், அதே தொகுப்பு வேறு பெயரில் திரும்பி வரும்.

இதையெல்லாம் விட உங்களிடம் ஒரு பலம் இருக்கிறது. அது பெரிய நிறுவனங்களுக்கு இல்லாதது. நீங்கள் சிறியவர். உலகம் முழுவதற்கும் இரவு மூன்று மணிக்கு அந்தக் கணமே கணக்குத் திறந்து கொடுக்கும் அவசியம் உங்களுக்கு இல்லை. பதிந்தவர் உங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்கு ஒரு செய்தி போடட்டும். காலையில் நீங்கள் எடுத்துக் கதையுங்கள்: எந்த இடம், எத்தனை அறை, ஏற்கெனவே பேஸ்புக் பக்கம் இருக்கிறதா. இரண்டு நிமிடம். களவாகப் பதிகிறவன் அந்தக் கோலை எடுக்கவே மாட்டான். விடுதிக்காரர் சந்தோஷப்படுவார், அனேகமாக அந்தக் கதையிலேயே வாடிக்கையாளராகியும் விடுவார். வளாகத்து வகுப்புக்கும் இதே வழி. விரிவுரையாளரோடு கதைத்து, அவருக்கு ஒரு வகுப்புக் குறியீடு கொடுங்கள். அதில் பதியும் மாணவர்களுக்கு ஐபி எல்லை வேண்டாம், கற்பதற்கு வேண்டிய பிஎச்பியும் தரவுத்தளமும் கொடுங்கள், மெயிலும் வெளி இணைப்பும் மட்டும் மூடியே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வகையினர் இருக்கிறார்கள். 14 நாள் முடிந்ததும் தங்கையின் இமெயிலில் இன்னொரு ட்ரயல், பிறகு நண்பனின் இமெயிலில் இன்னொன்று. உள்ளூர் ஆள், தளம் உண்மையானது, யாருக்கும் தீங்கு இல்லை. அவரை ஃபிஷிங் செய்கிறவனோடு சேர்த்துத் தடைப்பட்டியலில் போடாதீர்கள். சீசன் இல்லாத மாதங்களில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது, மாதக் கட்டணம் கட்ட யோசிக்கிற ஆளாகத்தான் அவர் அனேகமாக இருப்பார். அவருக்கு ஒரு கோல் எடுத்து, மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை மட்டும் காசு கட்டும் ஒரு திட்டம் தரலாம் என்று சொல்லிப் பாருங்கள்.